சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிசிக்ஸ் படிச்சிட்டு சென்னையில ஸ்டுடியோவில என்னப்பா வேலை? கீபோர்டுல ஒரு கட்டையை அமுக்கினா புல்லாங்குழல் வந்துடுது. அதுக்கு ஒரு ஆளா?" என்கிறார்கள். புல்லாங்குழல் வந்துவிடும், வாஸ்தவம். ஊதுகிற மனுஷர் வரமாட்டார். அவரை வரவழைக்கத்தான் எனக்குச் சம்பளம். அதைப் பற்றியே பத்து நிமிஷம் பேசுகிறேன்.

முதலில் ஒரு சின்ன சோதனை. "து, து, து, து" என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நாக்கு தட்டுகிறது. இனி ஒரே மூச்சில் "தூ..." என்று இழுத்து, அதற்குள்ளேயே ச ரி க ம என்று குரலை ஏற்றுங்கள். நாக்கு ஒரு தடவைதான் தட்டியது, மூச்சு அறவில்லை. இதைத்தான் மேல்நாட்டார் லெகாட்டோ என்கிறார்கள். இத்தாலிய மொழியில் 'கட்டப்பட்டது' என்று பொருள். நாரில் பூக்கட்டுவது போலச் சுரங்களை மூச்சில் கட்டுவது.

குழல், கிளாரினெட், ஓபோ, நாகசுரம் எதுவானாலும் இதே கதைதான். மூச்சு ஓடிக்கொண்டிருக்க, விரல் மட்டும் மாறுகிறது. குழாய்க்குள் அதிர்கிற காற்று நிற்காமலே அடுத்த சுரத்துக்குத் தாவுகிறது. ஒரு வினாடியில் நூறில் சில பங்குதான் அந்தத் தாவல். அதற்குள் சத்தம் லேசாகத் தாழ்ந்து எழும். நம் காது அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால், "ஏதோ மெஷின் மாதிரி இருக்கே" என்று உடனே சொல்லிவிடும்.

சாம்பிள் என்பது ஒலிப்பதிவுத் துண்டு. கலைஞரை உட்காரவைத்து ஒவ்வொரு சுரமாக ஊதச் சொல்லிப் பதிவு செய்து, கட்டைக்கு ஒன்றாக வைத்துவிடுவது. 1979-ல் வந்த ஃபேர்லைட், 1981-ல் வந்த எமுலேட்டர் காலத்திலிருந்து அடிப்படை இதுதான். பியானோவுக்கு இது பொருந்தும். அதில் ஒவ்வொரு சுரமும் சுத்தியல் அடிதானே! ஊதுகிற வாத்தியத்தில்தான் வம்பு. ஒவ்வொரு துண்டும் நாக்குத் தட்டலோடு தொடங்குவதால், நாலு கட்டை அமுக்கினால் நாலு "து" கேட்கும்.

2002-ல் வெளிவந்த வியன்னா சிம்பொனிக் லைப்ரரி இதற்கு ஒரு வழி காட்டியது. சுரங்களோடு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற இணைப்பையும் ஊதச் சொல்லிப் பதிவு செய்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுரத்திலிருந்து மேலே 12, கீழே 12. வாத்தியத்தில் 36 சுரம் இருந்தால், இரண்டு ஓரத்திலும் குறைவதைக் கழித்து 708 இணைப்புகள்! அத்தனையும் வேண்டும். கிளாரினெட்டில் ஒரு விரலை எடுத்தால் வருகிற இணைப்பு ஒரு மாதிரி, பல விரல்கள் சேர்ந்து மூடினால் வருவது வேறு மாதிரி.

வீட்டில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் 'மோனோ' முறையை வைத்துக்கொண்டு, முதல் கட்டையை விடும் முன்பே அடுத்த கட்டையைத் தொடுங்கள். லெகாட்டோ வசதி இருந்தால், இரண்டாவது சுரத்தின் நாக்குத் தட்டலைக் கருவியே விட்டுவிடும். இரண்டு, சத்தத்தைச் சுரத்துக்குச் சுரம் மாற்றாதீர்கள். முழு வரிக்கும் ஒரே ஏற்ற இறக்கம் கொடுங்கள். பெடலால் கொடுக்கலாம், வாயால் ஊதும் பிரெத் கன்ட்ரோலர் இருந்தால் இன்னும் நல்லது. 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7-லேயே அதைச் செருக இடம் உண்டு.

மூன்றாவதை முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கல்லைப் பிடித்துக் கடலில் இறங்கிய குளியாளுக்கு மூச்சுதான் கணக்கு. கீழே எத்தனை சிப்பி கிடந்தாலும், மூச்சு முடிந்தால் மேலே வந்தாகணும். ஊதுகிறவரும் அப்படித்தான். கீபோர்டுக்கு மூச்சு முட்டாது. ஆகையால் வாசிக்கிற நீங்கள்தான் அதற்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் நம் சங்கீதத்திடம் மெஷின் திணறுகிறது. நம் மாவட்டத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-ல் மறைந்த காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகசுரத்தைக் கேளுங்கள். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி அம்மாவின் குரலுக்கு ஆபேரியில் ஈடுகொடுத்திருக்கிறாரே, அந்த வாசிப்பு. சீவாளியில் உதட்டின் அழுத்தம், மூச்சின் வேகம், துளையைப் பாதி மூடும் விரல் மூன்றும் சேர்ந்து சுரத்தை வளைக்கின்றன. அங்கே இணைப்பு என்று தனியாக எதுவுமில்லை. வளைவே சுரம். அதை 708 துண்டுக்குள் எப்படி அடக்க?

கடைசியாக, என் மனசில் கிடக்கும் விஷயம். நம் ஊர்ப்பக்கம் திருவிழாவிலும் கல்யாணத்திலும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் பெரியவர் ஒருவரைச் சாம்பிள் எடுக்க அழைத்திருந்தேன். இரண்டு நாள் பொறுமையாக ஊதினார். முடிந்ததும், "தம்பி, இனிமே என்னைக் கூப்பிட மாட்டீயளோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"கூப்பிடுவேன் அண்ணாச்சி" என்றேன். அன்றே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பின்னணியில் நிரவலாக வருவதற்கு மட்டும் சாம்பிள். அதை எடுத்தாளும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு தொகை. பாட்டில் முன்னால் நிற்கிற வரி என்றால் அவரே வந்து ஊத வேண்டும். இன்றுவரை அப்படியே நடக்கிறது. என் தொழில் எவ்வளவு திருந்துகிறதோ, அவ்வளவுக்கு அவர் பிழைப்பு என் பொறுப்பாகிறது என்றே நினைக்கிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கீபோர்டு தாராளமாக வையுங்கள். கூடவே ஊதுகிறவர் ஒருவரையும் கூப்பிடுங்கள். அவர் மூச்சு விடுகிறவரைதான் எங்களுக்கும் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.