தொட்டிலும் தொழிலும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பெண்கள் உத்தியோகம் பார்க்கலாமா, கூடாதா என்று இரு கட்சி கட்டி வாதாடுவது மேடைகளுக்குப் பழக்கமான ஒன்று. நாம் படித்த மிஷன் பாடசாலையின் விவாத மேடையிலும் ஆண்டுதோறும் அது தலைகாட்டியது. அந்த வாதத்தை இன்று நாம் எடுக்கப் போவதில்லை. நாட்டு நடப்பு அதைத் தீர்த்துவிட்டது. எமது பல்கலைக்கழகங்களிற் பயில்வோரில் இன்று பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆசிரியைகளும் தாதிமாரும் இலிகிதர்களும் ஒருநாள் வராதுவிட்டால் பாடசாலை ஏது, வைத்தியசாலை ஏது, கந்தோர் ஏது? ஆகவே நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. பிரசவ விடுமுறை முடிந்து ஒரு தாய் மீண்டும் வேலைக்குப் போகின்ற அந்த முதல் நாளிலே, அவளுக்குத் துணை யார்?

பிள்ளை வளர்ப்பதே தமது பணியெனத் தெளிந்து, விரும்பி வேலையை விட்ட தாய்மாரை நாம் வணங்குகிறோம். விட மனமில்லாமல் விட்டவர்களைப் பற்றியே இங்கு பேசுகிறோம். எமது ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் கணக்காளர். பல ஆண்டுகள் முயன்று பரீட்சைகளிலே தேறியவர். விடுமுறை முடிந்து தாம் வேலைபார்த்த தனியார் தாபனத்துக்குத் திரும்பியபோது, அவர் பார்த்த கணக்குகள் வேறொருவர் கையிலிருந்தன. அவருக்குக் கிடைத்தது கோப்புகளை அடுக்கும் வேலை. சம்பளம் குறையவில்லை, மதிப்புத்தான் குறைந்தது. பால் கட்டி நெஞ்சு நோக, மதிய வேளையில் மலசலகூடக் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பிழிந்து ஊற்றினார். ஆறாவது வாரம் விலகற் கடிதம் கொடுத்தார். 'பிள்ளையைப் பார்க்க ஆளில்லை' என்று அதிலே காரணம் எழுதினார். மற்றக் காரணங்களை எழுத அந்தக் கடிதத்தில் இடமிருக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று பெரியோர் கேட்கலாம். உண்டு. 1919 இல் வாஷிங்டனிற் கூடிய முதலாவது சர்வதேசத் தொழில் மகாநாடே தாய்மைப் பாதுகாப்புக்கு ஓர் உடன்படிக்கை வகுத்தது. எமது நாட்டில் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939 இற் பிறந்தது. கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்வோர் 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவர். முன்னர் மூன்றாம் பிள்ளை பிறந்தால் விடுமுறை பாதியாகக் குறைந்துவிடும். 2018 இல் வந்த திருத்தங்கள் அந்த ஓரவஞ்சனையை நீக்கி, எத்தனையாவது பிள்ளையாயினும் ஒரே அளவு என்றாக்கின. தொழிற்சாலை, தோட்டப் பெண்களுக்கு 12 வாரம். கடை, கந்தோர்ப் பெண்களுக்கு 84 நாள். அரசாங்க உத்தியோகத்தர் 84 நாள் முழுச் சம்பளத்தோடு நின்ற பின், விரும்பினால் 84 நாள் அரைச் சம்பளத்தோடும், மேலும் 84 நாள் சம்பளமின்றியும் நிற்கலாம்.

ஆனால் உலக சுகாதார தாபனம் சொல்வது என்ன? முதல் 6 மாதமும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மாத்திரமே ஊட்ட வேண்டும் என்பதாகும். 12 வாரத்தில் வேலைக்குத் திரும்பும் தாய் அந்தக் காலத்தின் பாதியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். மிகுதியை எப்படி நிறைவேற்றுவது?

இதற்கும் சட்டம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு 9 மணி நேர வேலைக்குள் இரண்டு முறை பாலூட்ட நேரம் கொடுக்க வேண்டும். வேலைத்தலத்திற் பிள்ளைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொரு முறையும் அரை மணி. இல்லாவிடில் ஒரு மணி. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் வேலை ஓரூரில், பிள்ளை வேறூரில் என்றால் அந்த ஒரு மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். நேரம் கொடுத்தால் மட்டும் போதாது, பிள்ளையும் அருகில் இருக்கவேண்டும்.

இதை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் மலைநாட்டுத் தோட்டத்து மக்கள். அங்கே கொழுந்து பறிக்கும் தாய், காலையிற் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவாள். இடையில் வந்து பாலூட்டிச் செல்வாள். பிள்ளை மடுவங்களின் குறைகள் பல. அவற்றைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம். ஆயினும் வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேதான் தொட்டிலும் ஆடவேண்டும் என்ற அடிப்படை உண்மை அங்கே இருக்கிறது. மிகக் குறைந்த கூலி பெறும் தாய்க்குக் கிடைத்த இவ்வசதி, பட்டதாரித் தாய் வேலை செய்யும் மாடிக் கட்டிடத்தில் இல்லாதிருப்பது விசித்திரமன்றோ? அயல்நாடாகிய இந்தியா 2017 இல், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் தாபனங்கள் காப்பகம் வைக்கவேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்று வரலாம் என்றும் விதித்தது.

முதலாளிமார் பக்கத்து நியாயத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். எமது நாட்டிலே பிரசவ விடுமுறைச் சம்பளத்தை வேலை கொடுப்பவரே தமது பணத்திலிருந்து கொடுக்கிறார். பெரிய தாபனம் தாங்கும். நான்கு பேர் வேலை செய்யும் சிறு கடை தள்ளாடும். அதனால் 'கலியாண வயதுப் பெண் வேண்டாம்' என்று நேர்முகப் பரீட்சையிலேயே மனத்துக்குள் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெண்ணைக் காக்க வந்த சட்டம் அவளுக்கே வாசலை அடைத்துவிடுகிறது. சுவீடனில் இச்செலவைச் சமூகக் காப்புறுதி தாங்குகிறது. நாட்டுக்கு ஒரு பிரசை பிறக்கும்போது, செலவையும் நாடு பகிர்ந்துகொள்வதே முறை.

இனி, தந்தையரைப் பற்றி. சுவீடன் 1974 இல், தாய்க்கு மட்டும் இருந்த விடுமுறையைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கியது. நோர்வே 1993 இல் நான்கு வாரத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிடில் அது வீணாகும். அதற்கு முன் மிகச் சில தந்தையரே எடுத்த விடுமுறையை, பின்னர் பெரும்பாலோர் எடுத்தனர். எமது நாட்டில் அரசாங்க ஊழியரான தந்தைக்கு 2006 இல் வழங்கப்பட்டது 3 நாள்.

ஆண்மகன் பிள்ளை தூக்குவதா என்று நகைப்பவர் சிலர் இச்சபையிலும் இருக்கக்கூடும். திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த காரணம் யாவரும் அறிந்ததே. காவிரி பெருகித் தாய் வர முடியாத வேளையில், இரத்தினாவதிக்குப் பிரசவம் பார்க்க இறைவனே தாய் வடிவில் வந்தான் என்கிறது தலவரலாறு. இறைவன் இழிவென எண்ணாத பணியை நாம் இழிவென எண்ணலாமா? இரவில் அழும் பிள்ளையைத் தோளிற் போட்டு உலாவும் கணவன், மறுநாட் காலையில் மனைவியின் உத்தியோகத்தையும் காப்பாற்றியவனாகிறான்.

அம்மம்மாவும் அப்பம்மாவும் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள், அவர்களாலேதான் அநேக வீடுகள் நடக்கின்றன. ஆனால் அம்மம்மாவுக்கும் முழங்கால் நோவு உண்டு. பலர் கடல் கடந்து வேறு பிள்ளைகளோடு வாழ்கிறார்கள்.

ஆகவே இச்சங்கத்தின் முன் நாம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, எம்மிடையே தொழில் நடத்தும் அன்பர்களுக்கு. திரும்பி வரும் தாய்க்கு அவள் விட்டுச்சென்ற வேலையையே கொடுங்கள். அதே பதவியை, அல்லது அதற்கு நிகரானதை, அதே சம்பளத்தோடு வழங்க வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கை கூறுகிறது. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், ஒரு கதிரையும், பாலை வைக்க ஒரு குளிர்ப்பெட்டியும் பெருஞ் செலவல்ல. இரண்டாவது, இளைஞர்களுக்கு. தொட்டிலாட்டப் பழகிக்கொள்ளுங்கள். மூன்றாவது, சங்கத்துக்கு. எமது மண்டபம் வார நாட்களிற் காலை முதல் மாலை வரை பூட்டிக் கிடக்கிறது. பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் இருவரும், சுத்தமான நீரும், பாதுகாப்பான வாசலும் ஏற்பாடு செய்து, உரிய பதிவையும் பெற்றால், அதே மண்டபம் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பகல் வீடாகும். அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். ஆதரியுங்கள், எதிர்ப்பதாயின் காரணம் காட்டி எதிருங்கள், கேட்டுவிட்டு மறந்துபோக மட்டும் வேண்டாம்.