பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள்

(மும்பையில் தமிழ் கற்போர் மையம் ஒன்றில் தொண்டர் பேசியது)



இன்று பாடப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். என் கையைப் பாருங்கள். இது என்ன? ஆமாம், இருமல் மருந்து. நம் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டில் இருக்கும். அலமாரியில் இருக்கும். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். குழந்தை இருமினால் ஒரு மூடி ஊற்றிக் கொடுப்போம். இனிப்பாக இருப்பதால் குழந்தையும் சப்புக் கொட்டிக் குடிக்கும்.

அந்த இனிப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்த மாதிரி மருந்து கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்க வேண்டும். அதற்காகக் கிளிசரின் போன்ற திரவங்களைச் சேர்ப்பார்கள். மருந்துக்கென்று தயாரிக்கும் கிளிசரின் சுத்தமானது. அதன் விலை அதிகம். தொழிற்சாலை வேலைக்கென்று தயாரிப்பதும் உண்டு. அதன் விலை குறைவு. அதில் ஒரு விஷம் கலந்திருக்கலாம். அந்த விஷத்தின் பெயர் டை எத்திலீன் கிளைக்கால். வாயில் நுழையாத பெயர். நாம் சுருக்கமாக டி.இ.ஜி. என்று சொல்வோம். வண்டிகளின் பிரேக் ஆயில் போன்றவற்றில் சேர்க்கிற பொருள் அது.

டி.இ.ஜி. கலந்த மருந்தைக் கண்ணால் பார்த்தால் தெரியாது. மோந்து பார்த்தால் தெரியாது. நாக்கில் வைத்தாலும் இனிக்கும். ஆனால் உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். முதலில் வாந்தி வரும். வயிறு வலிக்கும். பிறகு சிறுநீர் குறையும். கடைசியில் சிறுநீர் நின்றே போகும். சிறு குழந்தை என்றால் சில நாட்களில் உயிரே போய்விடும்.

இது எங்கோ நடந்த கதை இல்லை. நம் ஊரிலேயே நடந்தது. பைக்குல்லாவில் உள்ள ஜே.ஜே. ஆஸ்பத்திரி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே 1986 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடந்தது. அப்போது இந்த ஊருக்குப் பெயர் பம்பாய். மூளையில் வீக்கம் இருந்தால், கண்ணில் அழுத்தம் இருந்தால், நோயாளிக்குக் கிளிசரின் குடிக்கக் கொடுப்பார்கள். அழுத்தம் குறையும். அது நல்ல வைத்தியம்தான். ஆனால் அப்போது வந்த கிளிசரினில் டி.இ.ஜி. கலந்திருந்தது. சிறுநீரகம் கெட்டு 14 பேர் இறந்து போனார்கள். பிழைக்க வந்த இடத்தில் இறந்தார்கள்.

அரசு ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தது. நீதிபதி லென்டின் விசாரித்தார். 1987 இல் அறிக்கை கொடுத்தார். தவறு ஒரே இடத்தில் இல்லை என்று அதில் தெரிந்தது. மருந்து வாங்கிய இடத்தில் தவறு. சோதித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் தவறு. கண்காணிக்க வேண்டிய துறையிலும் தவறு. ஒரு வீட்டுக்கு நாலு கதவு. நாலு கதவையும் திறந்து போட்டால் திருடன் வராமல் இருப்பானா?

ஒரு விஷயம் கேளுங்கள். இந்த விஷத்தின் குணம் 1986 இல் புதிதாகத் தெரிந்தது இல்லை. அதற்கு 49 ஆண்டுகளுக்கு முன்னால், 1937 இல், அமெரிக்காவில் இதே விஷம் கலந்த மருந்தைக் குடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் குழந்தைகள். அந்த நாடு என்ன செய்தது? மறு ஆண்டே, 1938 இல், சட்டம் போட்டது. புது மருந்தை விற்பதற்கு முன்னால் அது ஆபத்தில்லாதது என்று காட்ட வேண்டும் என்றது. பட்ட அடியில் பாடம் படித்தார்கள்.

நாம் படித்தோமா?

1998 இல் டெல்லி, குர்கான் பகுதியில் 36 குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 33 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் இருமல் மருந்து. அதில் டி.இ.ஜி. இருந்தது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவில் ராம்நகர் பக்கம் பத்துக் குழந்தைகளுக்கு மேல் இறந்தார்கள். மறுபடியும் இருமல் மருந்து. 2022 இல் ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே பிடித்த மருந்துகளில் இதே விஷம் இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அந்த மருந்துகள் நம் நாட்டுக் கம்பெனி தயாரித்தவை.

அதன் பிறகு 2023 ஜூன் மாதம் முதல் ஒரு விதி வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் இருமல் மருந்தை முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அது ஏற்றுமதிக்கு மட்டும்தான் வந்தது. நம் வீட்டுக் குழந்தை குடிக்கிற மருந்துக்கு அப்போது அந்த விதி வரவில்லை.

அடுத்து 2025 வந்தது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டம். காய்ச்சல், சளி என்று குழந்தைகளுக்கு ஒரு இருமல் மருந்து கொடுத்தார்கள். சிறுநீர் நின்றது. பல குழந்தைகளை நம் மாநிலத்து நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 20 குழந்தைகளுக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அந்த மருந்து தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்துப் பார்த்தார்கள். 100 பங்கு மருந்தில் 48.6 பங்கு டி.இ.ஜி. இருந்தது. இருக்கலாம் என்று அனுமதித்த அளவு எவ்வளவு தெரியுமா? 0.1 பங்கு. கரும்பலகையில் இரண்டு எண்ணையும் எழுதுகிறேன். நீங்களே பாருங்கள்.

அதே விஷம். அதே இனிப்பு. அதே மாதிரி சாவு. ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது?

தயாரிக்கிற கம்பெனி ஒவ்வொரு முறையும் மூலப்பொருளைச் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சோதிக்காமல் விட்டால் பணம் மிச்சம். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சாவு நடந்தால் யாரோ ஒருவரைத் திட்டுகிறோம். அழுகிறோம். பிறகு மறந்துவிடுகிறோம். எப்படி நடந்தது, எந்தக் கதவு திறந்திருந்தது என்று எழுதி வைத்து, அந்தக் கதவை மூடுவது இல்லை. எழுதாத பாடம் காற்றோடு போய்விடும். இது எழுத்துப் படிக்க வந்த நமக்குத் தெரியாதா?

நாம் ஆய்வுக்கூடம் நடத்த முடியாது. அது அரசின் வேலை, கம்பெனியின் வேலை. ஆனால் நம் கையில் உள்ள வேலையும் கொஞ்சம் இருக்கிறது. நாலு வேலை. எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்று. சாதாரண சளி, இருமல் தானாகவே சரியாகும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் சொன்னது. ஐந்து வயது வரைக்கும் பொதுவாக வேண்டாம் என்றது. தாய்ப்பால் கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். ஆனால் மூச்சு வேகமாக வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், பால் குடிக்க மறுத்தால், வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போங்கள்.

இரண்டு. கேளுங்கள். இது என்ன மருந்து? எதற்கு? எத்தனை நாள்? டாக்டரிடமும் மெடிக்கல் கடையிலும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பில் வாங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய மருந்தை நம் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

மூன்று. மருந்து குடித்த குழந்தை வாந்தி எடுத்தால், சிறுநீர் குறைந்தால், மயங்கிப் படுத்தால், நேரம் கடத்தாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று சொல்லுங்கள்.

நான்கு. இதுதான் முக்கியம். பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். கையோடு கொண்டு போங்கள். குர்கானில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இருமல் மருந்தைச் சோதித்தார்கள். விஷம் தெரிந்தது. பாட்டில்தான் சாட்சி. அதில் பேட்ச் நம்பர் என்று ஒரு எண் இருக்கும். ஒரே தடவையில் தயாரித்த எல்லா பாட்டிலுக்கும் அதே எண் இருக்கும். அந்த எண் தெரிந்தால் மற்ற கடைகளில் இருக்கிற பாட்டில்களையும் பிடித்து நிறுத்தலாம். நீங்கள் காட்டும் ஒரு பாட்டில் பத்து வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றலாம்.

லேபிள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே, நாங்கள் எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். 1, 2, 3 நாம் தமிழில் எழுதுவதும் ஆங்கிலத்தில் எழுதுவதும் ஒன்றுதான். ஆங்கில எழுத்தையும் படம் வரைவது போல் பார்த்து எழுதலாம்.

நம் வகுப்பு அக்கா ஒருவர் அப்படித்தான் செய்தார். அவர் பேரனுக்கு மருந்து கொடுத்த பிறகு வாந்தி நிற்கவில்லை. காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை. அக்கா பதறினார். ஆனாலும் லேபிளில் இருந்ததை நோட்டில் அப்படியே பார்த்து எழுதினார். கொடுத்த நேரம், கொடுத்த அளவு இரண்டையும் தமிழில் எழுதினார். பாட்டிலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினார். என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதும் நோட்டை நீட்டினார். மருந்தில் கோளாறு இல்லை. வாந்தியில் உடம்பின் நீர் வற்றியிருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டான். அக்கா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "இத்தனை வருஷம் டாக்டர் கேட்டால் சிவப்பு மருந்து, வெள்ளை மருந்து என்றுதான் சொல்வேன் தம்பி. அன்றைக்குத்தான் பேர் சொன்னேன்" என்றார்.

மருந்தால் கெடுதல் வந்தது என்று சந்தேகம் இருந்தால் சொல்வதற்கு அரசின் இலவசத் தொலைபேசி இருக்கிறது. எண் 1800 180 3024. வேலை நாட்களில் கூப்பிடலாம். பொதுமக்களும் பேசலாம். இப்போதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டரும் நர்சும் நமக்கு எதிரிகள் இல்லை. இரவு பகலாக உழைக்கிறார்கள். தவறு எங்கே நடந்தது என்று அவர்களும் வெளியே சொல்ல வேண்டும். நாமும் சொல்ல வேண்டும். மறைத்த தவறு மறுபடி வரும்.

சிந்த்வாராவில் இறந்த பிள்ளைகள் திரும்பி வரப் போவதில்லை. அவர்கள் பெயரால் நாம் ஒரு பாடமாவது படிப்போம். இப்போது எல்லோரும் நோட்டை எடுங்கள். இந்த பாட்டிலை வரிசையாகக் கொடுத்து அனுப்புகிறேன். பேட்ச் நம்பர் எங்கே இருக்கிறது? முதலில் கண்டுபிடித்து எழுதுகிறவர் கையைத் தூக்குங்கள்.