ஒழுகும் தாங்கி

பெற்றோல் நிறைந்த தாங்கி ஆபத்தானதா, பெற்றோல் வடிக்கப்பட்ட வெறுந்தாங்கி ஆபத்தானதா என்று எவரையேனும் கேட்டுப் பாருங்கள். நிறைந்த தாங்கியே என்பர் பெரும்பாலோர். மோட்டார் வேலையில் நெடுங்காலம் பழகியவர்களோ வெறுந்தாங்கியைக் கண்டே அதிகம் அஞ்சுவர். அவ்வச்சத்துக்குத் தக்க காரணம் உண்டு. மாணவர்களே, அக்காரணத்தை ஒரு சிறு காரின் துணைகொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

அந்தக் கார் மினி. 1956ஆம் ஆண்டில் எழுந்த சூயெஸ் கால்வாய் நெருக்கடியினால் இங்கிலாந்தில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த பெற்றோலில் நால்வரைச் சுமந்து செல்லக்கூடிய கார் ஒன்று வேண்டும் என்று பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனத்தின் தலைவர் லெனாட் லோர்ட் கேட்டார். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதனை வகுத்துக் கொடுத்தார். 1959 ஓகஸ்ட் 26ஆம் நாள் மினி வெளிவந்தது. அதன் நீளம் பத்தே அடி. சில்லு பத்து அங்குலம். இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்து, பற்சில்லுப் பெட்டியை அதன் கீழேயே அடக்கி, மிஞ்சிய இடம் முழுவதையும் மனிதருக்கென ஒதுக்கினார் இசிகோனிஸ். 2000ஆம் ஆண்டில் உற்பத்தி நிற்கும்வரை 53 இலட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் செய்யப்பட்டன. இலங்கையிலும் அவை ஏராளமாக வந்திறங்கின. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, கையிலிருந்த பழைய ஆங்கிலக் கார்களை எவ்வாறேனும் ஓடவைப்பது நம்மவர்க்கு ஒரு கலையாகவே ஆயிற்று. அக்கலையின் பயனாய் இன்றும் நம் தெருக்களில் மினியைக் காணலாம்.

இடத்தை இவ்வளவு சிக்கனமாக ஆண்ட காரில் பெற்றோல் தாங்கிக்கு எங்கே இடம் கிடைக்கும்? பின்புறத்தில், நாம் டிக்கி என்று வழங்கும் பொதியறையின் இடது மூலையில் அதனை நிறுத்தி, ஓர் இரும்புப் பட்டியால் இறுக்கிவிட்டார்கள். அது ஐந்தரைக் கலன், அஃதாவது 25 லீற்றர் கொள்ளும். அதே டிக்கியின் தரையில் வலப்பக்கத்துப் பள்ளத்தில் பற்றரி இருக்கிறது. நடுவே மேலதிகச் சில்லு. பெற்றோலும் மின்சாரமும் ஒரே அறையில் குடியிருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாங்கி ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் அடித்தகட்டில்தான். டிக்கி மூடியைச் சுற்றியுள்ள றப்பர் முதிர்ந்து வெடித்துவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். தாங்கிக்கும் தரைக்கும் இடையில் அந்த ஈரம் தங்கிவிடும். வெளியிலிருந்து இவ்வாறு கறள் தின்ன, உள்ளிருந்தும் தின்னும். பாதி வெறுமையாய் நிற்கும் தாங்கிக்குள் இருக்கும் வளி இரவின் குளிரில் நீரைத் துளிக்கும். நீர் பெற்றோலிலும் பாரமானது ஆதலால் அடியில் சென்று படியும். இருபுறமும் அரிக்கப்பட்ட தகட்டில் ஒருநாள் ஊசித்துளை தோன்றும். அவ்வளவில் சவர்க்காரக் கட்டியை எடுத்து அத்துளையின்மேல் அழுத்தித் தேய்க்கும் வழக்கம் நம் சாரதிகளிடம் உண்டு. சவர்க்காரம் பெற்றோலில் எளிதில் கரையாது. ஆகவே ஒழுக்கு நிற்கும். நல்ல தந்திரந்தான், வீடு சென்று சேரும்வரைக்கும்.

என் அயலில் வசிக்கும் இளைஞர் ஒருவரின் மினி 1960களில் செய்யப்பட்டது. அவர் சவர்க்காரத்தையே இரண்டு வாரம் நம்பியிருந்தார். காரில் ஏறினால் பெற்றோல் மணம் வீசுகிறதே என்று நான் சொன்னபோது, தமக்கு மணமே தெரியவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரே மணத்தில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதனை அறிவிப்பதை நிறுத்திவிடுகிறது. எனவே மூக்கு இவ்விடயத்தில் நல்ல காவற்காரன் அன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாங்கியைக் கழற்ற முனைந்தோம். முதற் காரியமாகக் காரைக் கொட்டிலிலிருந்து வெளியே தள்ளி, வெட்டவெளியில் மரநிழலில் நிறுத்தினோம். தள்ளினோமேயன்றி இயந்திரத்தை இயக்கவில்லை. கதவுகளையும் டிக்கியையும் திறந்துவிட்டு நெடுநேரம் காத்திருந்தோம். இளைஞருக்கு இது வீண்காலமாகத் தோன்றியது. பெற்றோலின் ஆவி வளியைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது புகையைப்போல் மேலெழுந்து போய்விடாது. நீரைப்போல் பள்ளம் நாடித் தங்கும். டிக்கியின் பள்ளத்திலேதானே பற்றரி இருக்கிறது! காரின் கீழிருந்து வேலை செய்யத் தோண்டப்படும் குழிமேல் வைத்து இவ்வேலையைச் செய்யலாகாது என்பதும் இதனாலேயே. அக்குழி ஆவிக்கு வெட்டிய கிணறு.

அடுத்தது பற்றரி. விளக்கு முதலியவை யாவும் நிறுத்தப்பட்டுள்ளனவா என்று பார்த்தபின், காரின் உடலோடு இணைந்த வயரை முதலிற் கழற்ற வேண்டும். 1960களின் மினிகளிற் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும், பிற்காலத்தவற்றில் எதிர்முனை. எதுவாயினும் உடலோடு இணைந்ததே முதலாவது. மற்றதைத் தொடங்கினால், கையிலுள்ள ஸ்பானர் தவறித் தகட்டில் முட்டிய கணத்தில் மின்பொறி பறக்கும்.

பின்னர் பெற்றோலை இறைத்தோம். தாங்கியின் அடியில் வடிகாற் குமிழ் ஒன்று இருந்தது. கறள் பிடித்த அடித்தகட்டில் அதனை முறுக்கினால் தகடும் சேர்ந்து கிழியும் என்று அஞ்சி, மேல்வாய் வழியே குழாயை விட்டுக் கைப்பம்பியால் இறைத்து, மண்ணில் வைத்த இரும்புக் கலத்திற் சேர்த்தோம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் வழக்கத்தை எத்தனையோ இடங்களிற் காண்கிறோம். அதனை வீரமென்று எண்ணாதீர்கள். ஒரு வாய்ப் பெற்றோல் வயிற்றுக்குள் போவதிலும் சில துளிகள் சுவாசப்பைக்குள் போவது கொடியது. அது சுவாசப்பையையே புண்ணாக்கிவிடும்.

எஞ்சியவை எளிய வேலைகள். மேலதிகச் சில்லை வெளியே எடுத்தோம். பெற்றோலின் அளவைக் காட்டும் கருவிக்குச் செல்லும் வயர்களைக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று குறித்து வைத்தோம். இயந்திரத்துக்குச் செல்லும் குழாயையும் ஆவிபோக்குக் குழாயையும் விடுவித்தோம். வெளிமூடியைத் திருகி எடுத்து, பட்டியின் ஆணியைக் கழற்றி, தாங்கியை டிக்கியின் நடுப்பக்கமாகச் சாய்த்து இழுக்க, அதன் கழுத்து காரின் உடலிலுள்ள றப்பர் வளையத்தினூடாக மெல்ல உள்ளே வந்தது. பட்டியின் ஆணி மட்டும் அரைமணி நேரம் பிடிவாதம் செய்தது. பொறுமையிழந்து நெருப்புக் காட்டி இளக்கும் இடம் அதுவன்று.

இனித்தான் நான் சொல்லவந்த விடயம். இளைஞர் தாங்கியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்; ஒரு துளியும் விழவில்லை. “வெறுந்தாங்கிதானே, மாஸ்டர்; இப்படியே வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துளையை அடைத்து வருகிறேன்” என்றார்.

“தம்பி, அதைக் கீழே வையும். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்” என்றேன்.

பெற்றோலின் ஆவி வளியோடு எந்த விகிதத்திற் கலந்தாலும் எரியும் என்பதில்லை. நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 பங்குக்குக் குறைந்தால் ஆவி போதாது, 7.6 பங்குக்கு மிஞ்சினால் வளி போதாது. இவ்விரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்ட கலவையே வெடிக்கும். பெற்றோல் நிறைந்த தாங்கியில் திரவத்துக்கு மேலுள்ள சிற்றிடம் ஆவியால் நெருங்கியிருக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் அங்கே ஆவியின் பங்கு மேல் எல்லையைக் கடந்து வெகுதூரம் சென்றுவிடும். பெற்றோலை வடித்து வெளியே எடுக்கும்போதோ, வடித்த அளவுக்கு வளி உள்ளே புகுகிறது. ஆவி மெலிந்து மெலிந்து, வெடிக்கும் எல்லைக்குள் வந்து சேருகிறது. வெறுந்தாங்கி எனப்படுவது இந்நிலையில் உள்ள தாங்கியே.

இதற்கு எவ்வளவு பெற்றோல் வேண்டும்? 25 லீற்றர் கொள்ளும் தாங்கியில் 1.4 வீதம் என்பது சுமார் 350 மில்லிலீற்றர் ஆவி. அவ்வளவு ஆவியைத் தருவதற்கு ஏறத்தாழ இரண்டு மில்லிலீற்றர் திரவப் பெற்றோல் போதும். தேக்கரண்டியிற் பாதியும் இல்லை! அச்சிறு அளவு தகடுகள் மடிந்து சேரும் மூட்டிலும், கறட் பொருக்கின் இடுக்கிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். தாங்கியை வெயிலிற் காயவைத்து மணம் போய்விட்டதென்று துணிவோரும் உளர். மூட்டுக்குள் ஒளிந்திருப்பது வெல்டிங் சுவாலை பட்டவுடன் ஆவியாகி வெளிவரும். சுவாலையோ அங்கே ஆயத்தமாக நிற்கிறது. இவ்வாறு வெடித்த வெறுந்தாங்கிகளும் பீப்பாக்களும் உலகின் பல நாடுகளிலும் வேலைசெய்தோரின் உயிரைக் குடித்திருக்கின்றன.

மண்ணெண்ணெயோடு பழகிய நமக்கு இதன் வேகம் உடனே விளங்குவதில்லை. 1990களில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைத்தற்கரியதாய் இருந்தபோது, சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தொடக்குவதற்கு அத்துளிகள் ஏன் வேண்டியிருந்தன? மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிலேயே பற்றத்தக்க ஆவியைத் தரும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அதனைத் தரும். நுவரெலியாவின் பனியிரவுகூட அதற்குக் கடுங்கோடைதான்.

தாங்கியைச் செப்பனிடவே முடியாதா என்றால், முடியும். சுடுநீராலும் நீராவியாலும் பலமுறை கழுவி, ஒட்டவேண்டிய இடம்வரை நீரால் நிரப்பி, ஆவி போக வாயைத் திறந்து வைத்துச் செய்யும் முறைகள் உள்ளன. அவை தேர்ந்தவர்களுக்குரியவை. அன்றியும், அரித்த தகட்டில் ஒரு துளையை அடைத்தால் அடுத்த மாதம் அதன் அருகே இன்னொன்று திறக்கும். மினிக்குரிய தாங்கிகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. விலை மலிவன்று, வந்துசேரக் காலமும் எடுக்கும். இளைஞர் முகம் கோணினார், பட்டறைக்குப் போகவில்லை. பழைய தாங்கியை நீரால் நிரப்பி வேலியோரம் வைத்தார்.

புதுத்தாங்கி வரும்வரை இரண்டு மாதம் அவர் துவிச்சக்கர வண்டியில் வேலைக்குப் போய்வந்தார். அதற்கிடையில் டிக்கித் தரையின் கறளைச் சுரண்டி நிறம் பூசினார்; மூடிக்குப் புது றப்பர் இட்டார்; பெற்றோற் குழாயையும் மாற்றினார். எல்லாம் பூட்டியபின் ஒரு கலன் பெற்றோல் ஊற்றி, பற்றரியை இணைத்து, சாவியைத் திருப்பினோம். அக்காலத்து மினியில் பெற்றோலை இழுப்பது ஒரு மின்பம்பி. அது டிக் டிக்கென்று விரைந்து ஒலித்து, குழாய் நிறைய நிறைய மெதுவாகி, பின் நின்றது. பம்பிக்கு அப்பாலுள்ள குழாயில் ஒழுக்கு இருந்திருந்தால் அவ்வொலி அடங்கியிராது. காரின் கீழே விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளை ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தோம். அது உலர்ந்திருந்தது.