வீட்டுக் கல்வியும் பொதுப் பள்ளிக்கூடமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)

   

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பார்வைக்குச் சிறியது. வீட்டிலேயே பாடம் பயின்று வளர்ந்த ஒரு பிள்ளை, பதின்மூன்று பதினான்கு பிராயத்தில் பொதுப் பள்ளிக்கூடத்திற் சேர விரும்பினால், எப்பொழுது, எந்த வகுப்பில், எவ்வழியாகச் சேர்வது நலம் என்பதே அது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களிலே வாழும் நமக்கு இது பிறர் வீட்டுக் கதை அன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனாவினாற் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்கு அவை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் தேதியிலேதான். அவ்வளவு காலமும் வீடே பள்ளியாயிற்று. பின்னர்ப் பெரும்பாலோர் பள்ளிக்குத் திரும்பினர், திரும்பாதாரும் இருந்தனர். தாயோ, தமக்கையோ சொல்லிக் கொடுக்க, வீட்டோடே கற்றுவரும் அத்தகைய பிள்ளைகளை நினைந்தே இதனைப் பேசத் துணிந்தேன்.

வீட்டுக் கல்வி இழிவானது என்று நான் சொல்ல வரவில்லை. நம் முன்னோருட் பலர் கற்ற கல்வி எத்தகையது? பருத்தி, மிளகாய், எண்ணெய் மண்டிகளிலே தகப்பனார் அருகமர்ந்து, பேரேடு பார்த்து, வட்டி கணக்கிட்டு, கடிதம் எழுதிப் பழகிய கல்விதான். அக்கல்வி அவர்களை வணிகத்தில் உயர்த்தியது. அப்படியிருந்தும், கடையிற் கற்றதே தம் மக்களுக்குப் போதும் என்று அவர்கள் அமைதி கொள்ளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மகிமைப் பணத்தைக் கொண்டு, விருதுநகரிலே க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினார்கள். வீடுதோறும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, அதனைத் திரட்டி அவ்வித்தியாசாலையைப் பேணினார்கள். ஏன் இத்தனை பாடு? கணக்கு அறிந்தவன் கடையிலே மதிக்கப்படுவான். ஆனால் கோர்ட்டிலும், கச்சேரியிலும், ஆஸ்பத்திரியிலும், சட்டசபையிலும் ஒருவன் கற்றது கற்றதாக எண்ணப்படவேண்டுமானால், அது ஊரறிந்த பள்ளியின் வாயிலாக வந்திருக்கவேண்டும். இதனை அவர்கள் தம் அனுபவத்தால் உணர்ந்திருந்தார்கள்.

திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி பயின்று, பின் அந்த வித்தியாசாலையிலே சேர்ந்தவர்தாம் காமராஜர். தந்தையாரை இழந்த அவர், இளம்பிராயத்திலேயே படிப்பை விட்டு தாய்மாமனின் துணிக்கடைக்குச் செல்ல நேர்ந்தது. அதன்பின் அவர் கற்றதெல்லாம் பத்திரிகைகளாலும், பொதுக்கூட்டங்களாலும், சிறைவாசத்தாலும் கற்றதே. தாமாகக் கற்றே அத்துணை உயர்ந்த அவர், 1954 முதல் 1963 வரை முதன்மந்திரியாக இருந்தபோது, பிள்ளைகள் வீட்டிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லவில்லை. ஊர்தோறும் பள்ளியைத் திறந்து, பகலுணவும் அளித்தார். இழந்தவருக்கே இழந்ததன் அருமை தெரியும்.

வீட்டிலிருந்து பொதுக் கல்விச்சாலைக்குச் சென்ற ஒருவருடைய சரிதத்தைக் கேளுங்கள். புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். பிராயம் வந்ததும், அக்கால வழக்கப்படி, அவர் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டார். தகப்பனார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையைச் சேர்ந்தவர். மகளின் ஆர்வத்தைக் கண்டு, வீட்டிலேயே பாடஞ்சொல்ல ஏற்பாடு செய்தார். 1902ஆம் ஆண்டு அம்மையார் தனிப்பட்ட முறையில் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதித் தேறினார். ஆயினும் மகாராஜா கல்லூரியிற் சேர விண்ணப்பித்தபோது, ஆண்பிள்ளைகள் மத்தியில் ஒரு பெண்ணா என்றும், அவருடைய தாயாரின் குலத்தைச் சுட்டியும் எதிர்ப்பு எழுந்தது. சமஸ்தானத்து மகாராஜாவே தலையிட்டு அனுமதி அளித்தார். பின் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1927இல் சட்டசபையின் உபதலைவரானார். அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954இல் தோன்றக் காரணமாயிருந்தார்.

இச்சரிதத்திலே நாம் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, வீட்டிற் பெற்ற கல்வி ஒரு பொதுப் பரீட்சையினால் உறுதிப்பட்டது. இரண்டாவது, கதவு தானாகத் திறக்கவில்லை. அதிகாரமுள்ள ஒருவர் திறந்துவிட்டார். மூன்றாவது, போகவேண்டும் என்ற விருப்பம் அப்பெண்ணினுடையதாகவே இருந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் காரியம் கைகூடியிராது.

இப்பொழுது நம் ஊர் நிலைமைக்கு வருவோம். நம் வட்டாரத்திலே வீடு என்பது வீடு மாத்திரம் அன்று. பல தெருக்களிலே அது வேலைத்தலமும் ஆகும். தீப்பெட்டி ஒட்டுவதும், வெடிக்குக் குழாய் உருட்டுவதும் திண்ணையிலே நடைபெறுகின்றன. புத்தகத்தோடு வீட்டிலிருக்கும் பிள்ளையைப் பார்த்து, "சற்றுக் கைகொடு" என்று கேட்பது இயற்கை. இன்று அரைமணி, நாளை இரண்டு மணி, ஆறு மாதம் சென்றால் புத்தகம் பரணில் ஏறிவிடும். இதில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆயினும் விளைவு தீயதே. பிள்ளைத் தொழிலைப்பற்றி 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த பெரிய தீர்ப்பு, நம் சிவகாசியை முன்னிட்டே எழுந்தது என்பதை மறவாதீர்கள். 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்தலும், 18 வயது நிரம்பாதவரை வெடிமருந்து போன்ற அபாயத் தொழிலில் அமர்த்தலும் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றமாகும். ஆதலால் பிற ஊர்களில் வீட்டுக் கல்வியை நீட்டிக்கலாமா என்பது விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கலாம். நம் ஊரிலே அது பிள்ளையின் எதிர்காலத்தையே பொறுத்தது.

பதின்மூன்று வயது நிரம்பிய ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். நான்காண்டு வீட்டிலே கற்றவள். தமிழ் தடையின்றி வாசிப்பாள், மனக்கணக்கில் வல்லவள், ஆங்கிலமும் விஞ்ஞானமும் பின்தங்கியுள்ளன. அவளுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வயதுக்கேற்ற வகுப்பிலே நேரே சேர்தல். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுள்ள பிள்ளை இதுவரை பள்ளியிற் சேராதிருந்தாலும், இடையிலே நின்றிருந்தாலும், வயதுக்குரிய வகுப்பிலே சேர உரிமை அளிக்கிறது. மற்றவர்களுக்குச் சமமாக வருவதற்கு விசேஷப் பயிற்சி பெறவும் உரிமை உண்டு. பரீட்சை வைத்து வடிகட்டலாகாது. வயதுச் சான்று இல்லை, பருவம் தப்பியது என்று சொல்லித் திருப்பியனுப்பவும் ஆகாது. பயிற்சியின் நடுவே 14 வயது கடந்துவிட்டாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை இலவசமாகப் படிக்கலாம்.

இரண்டாம் வழி, பன்னிரண்டரை வயது நிரம்பியவர்க்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்திவரும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதித் தேறி, ஒன்பதாம் வகுப்பிற் சேர்தல். வீட்டிலே ஒழுங்காகப் பயின்ற பிள்ளைக்கு இது தக்கது. தான் கற்றதற்கு ஒரு சான்று கையில் இருக்கிறது என்ற தைரியமும் தரும்.

மூன்றாம் வழி, பத்தாம் வகுப்பையும் வீட்டிலிருந்தே தனித்தேர்வராக எழுதிவிட்டு, பதினோராம் வகுப்பிலே பள்ளிக்குச் செல்லுதல். வெட்கப்படும் பிள்ளைகளும், வீண்பேச்சுக்கு அஞ்சும் பெற்றோரும் இதனையே விரும்புவர். ஆனால் விஞ்ஞானத்திற்குச் செய்முறைப் பயிற்சி வேண்டும். அதனைத் திண்ணையிலே பெற முடியாது. அத்துடன், மூன்றாண்டு காத்திருக்கும் வீட்டிலே குழாய் உருட்டும் வேலையும் காத்திருக்கிறது. வேறொரு நஷ்டமும் உண்டு. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மருத்துவக் கல்லூரிகளில் ஏற்பட்ட 7.5 சதவீத ஒதுக்கீடும், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலே பயின்றவர்களைக் கருதியே வகுக்கப்பட்டன. வெளியே கழித்த ஆண்டுகளுக்கு இவ்விதம் ஒரு விலை உண்டு. பத்து, பதினொரு வயதிலே பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் இதனை இன்றே யோசிப்பாராக.

இம்மூன்றில் முதல் வழியே பொதுவிற் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். எட்டாம் வகுப்பில் ஓராண்டு தடுமாறுவது பத்தாம் வகுப்பில் தடுமாறுவதைவிட எளிது. படிப்பில் நன்கு தேறிய பிள்ளைக்கு இரண்டாம் வழி ஒக்கும். மூன்றாவதை, நோய் முதலிய தவிர்க்கவொண்ணாக் காரணம் இருந்தாலன்றி, நம் வட்டாரத்தார் கைக்கொள்ளாதிருத்தல் நன்று.

இங்ஙனம் அபிப்பிராயம் சொல்வது எளிது. போய் அமரவேண்டியவள் அவளன்றோ? ஆகவே முடிவு செய்யுமுன் அவளைக் கேளுங்கள். ஜூன் மாதத்திற்கு முன்பே பள்ளிக்கு ஒருமுறை அழைத்துச் சென்று தலைமையாசிரியரிடம் பேசவிடுங்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகங்களை அவள் கையிலே கொடுத்து, எது தெரியும், எது தெரியாது என்று அவளே குறித்துவரச் சொல்லுங்கள். தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்பதையும் பக்கத்து வீட்டாரைப் பார்த்து அன்று, அந்தக் குறிப்பைப் பார்த்தே தீர்மானியுங்கள். தன் நிலையைத் தானே அளந்தறிந்து செல்லும் பிள்ளை பிறர் நகைப்பால் எளிதிற் கலங்காது.

சேர்ந்த பின் முதல் மூன்று மாதமே கடினமானது. மணியோசைக்கு எழுவதும், நாற்பது பேர் நடுவே கேள்வி கேட்பதும் வீட்டிற் பழகாதவை. மதிப்பெண் குறைந்தால், "வீட்டிலேயே இருந்திருக்கலாம்" என்ற ஒரு சொல்லை மாத்திரம் பெற்றோர் சொல்லாதிருக்கவேண்டும். தாய் சொல்லிக் கொடுத்த பாடமும் நிற்கவேண்டியதில்லை. மாலையிலே அது தொடரட்டும். பள்ளிக்குப் போவதனால் வீட்டுக் கல்வி தோற்றது என்று ஆகாது. அது தனக்குரிய சபையை அடைந்தது என்றே ஆகும்.

இளைஞர்களே! உங்களிடம் ஒரு வார்த்தை. உங்களினும் இளையவர் பக்கத்தில் அமர நேருமே என்று எண்ணி ஓர் ஆண்டைக் கழிக்காதீர்கள். அந்த வெட்கம் ஒரு பருவத்தில் மறையும். கழிந்த ஆண்டு திரும்பாது.

அங்கத்தினர்களே! புதுக்கோட்டைப் பெண்ணுக்குக் கதவைத் திறக்க ஒரு மகாராஜா வேண்டியிருந்தது. இன்று சட்டமே கதவைத் திறந்துவைத்திருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்து அவ்வாசல்வரை அழைத்துச் செல்பவரே தேவை. பிடி அரிசி எடுத்துவைத்த பாட்டிமாரின் பேரர்கள் நாம். அவரவர் தெருவிலே வீட்டோடிருக்கும் ஒரு பிள்ளையை அறிந்து, வரும் ஜூன் மாதம் பள்ளியிலே சேர்ப்பித்து, மூன்று மாதம்வரை விசாரித்துவருவது என்று ஒவ்வொருவரும் உறுதிகொள்வீர்களாக.