எந்தச் சலிப்பு உனக்குச் சலிக்காது?



"என் பெண்ணுக்குப் பாட்டு என்றால் உயிர். ஆனால் பாட்டு சோறு போடுமா?" பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அதைத் தஞ்சாவூரில் நின்றுகொண்டு கேட்கிறோமே, அதுதான் வேடிக்கை! பாட்டு என்றதும் மேடையில் நடுவே அமர்ந்து பாடுகிறவர் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறார். அந்த இடத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். அவரை அங்கே உட்கார வைக்க எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோமா?

இதே ஊரில் வீணை செய்கிறார்கள். பலா மரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் செய்து, யாளி முகம் செதுக்கி, கடைசியில் மெழுகு பரப்பி 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். செய்கிறவர் தந்தியை மீட்டுவார், கேட்பார், மெட்டை இம்மி நகர்த்துவார், மறுபடி மீட்டுவார். அந்த இடத்தை அளவுகோல் சொல்லாது, காதுதான் சொல்லும். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது மரத்துக்குக் கிடைத்த மரியாதை மட்டுமா? அந்தக் காதுக்கும் கிடைத்த மரியாதை.

கொஞ்ச தூரம் போனால் நரசிங்கம்பேட்டை. பழைய வீடுகளிலிருந்து கழற்றிய, ஆண்டுக்கணக்கில் காய்ந்த ஆச்சா மரத்தை வாங்கிவந்து கடைந்து நாதஸ்வரம் ஆக்குகிற ஊர். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பெயரைக் கேட்டாலே நாம் நிமிர்ந்து உட்காருவோம். குட்டையான திமிரி நாயனத்தின் இடத்தில் நீண்ட பாரி நாயனத்தைக் கொண்டுவர அவரோடு சேர்ந்து உழைத்தவர் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி. அந்தப் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மானாமதுரை மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கொடுத்தார்கள். கடம் வாசித்ததற்காக அல்ல, கடம் செய்ததற்காக!

கையால் செய்கிற வேலை வேண்டாமா? கேட்கிற வேலை இருக்கிறது. 2009இல் ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி பாடகர் அல்லர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒலித்துறை படித்தவர். சென்னைத் தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு உண்டு. கற்றுக்கொடுக்கப் பிடிக்குமா? மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டு தேவாரமோ தவிலோ வயலினோ படித்துவிட்டு மேலே போகலாம். சட்டம் படிக்கப் போகிறாயா? 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகையில் பங்கை உறுதி செய்தார்கள். அந்த ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்ல, இசையும் தெரிந்த வக்கீல் வேண்டாமா?

இத்தனை சொன்னேனே, எதைத் தேர்ந்தெடுப்பது? பிள்ளைகளே, "எது உனக்குச் சந்தோஷம்?" என்று நான் கேட்க மாட்டேன். எல்லாமே தூரத்திலிருந்து பார்த்தால் சந்தோஷம்தான். "எந்தச் சலிப்பு உனக்குச் சலிக்காது?" என்றுதான் கேட்பேன். வீணை செய்கிறவர் ஒரே தந்தியை நாள் முழுக்க மீட்டுகிறார். ஒலிப்பதிவாளர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பாட்டு வாத்தியாரோ வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளின் சரளி வரிசையை, அபஸ்வரத்தோடு சேர்த்தே, கேட்கிறார்! இதில் எது உன்னைக் களைப்பாக்கவில்லையோ, அதுதான் உன் தொழில்.

எதுவுமே ஒத்துவரவில்லையா? அதற்கும் வழிகாட்டி இந்த ஊரிலேயே வாழ்ந்திருக்கிறார். ஆபிரகாம் பண்டிதர் பள்ளி ஆசிரியராக இருந்து சித்த மருத்துவர் ஆனவர். மருந்துதான் அவருக்குச் சோறு போட்டது. அந்த வருமானத்தில் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். தம் செலவிலேயே இசை மாநாடுகள் கூட்டினார். சுருதிக் கணக்கை வருஷக்கணக்கில் போட்டுப் போட்டு, 1917இல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய 'கருணாமிர்த சாகரம்' தந்தார். இசையிடம் அவர் கூலி கேட்கவில்லை. அதனால் இசைக்கு அவர் கொடுத்தது குறைந்தும் போகவில்லை.

பெற்றோர்களே, இனிப்பான சேதி மட்டும் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. கருவி செய்கிற குடும்பங்களிலேயே பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். மரத்தின் விலை கூடினாலும் கைக்கு வருவது கூடவில்லை. ஆகவே பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டு நீங்களும் கூடப் போங்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் ஒரு வீணைப் பட்டறைக்கு, ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, ஓர் இசைப்பள்ளி வகுப்புக்கு அனுமதி கேட்டு அழைத்துப் போங்கள். ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். காலை முதல் மாலை வரை உட்கார வையுங்கள். வீடு திரும்பும்போது "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். உங்கள் மனம் கோணாமல் தலையாட்டிவிடுவார்கள். "நாளைக்கும் போறியா?" என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதிலை நம்பலாம்.