பதினோரு நாளில் அளந்த பூமி



வாமனன்கூட மாவலியிடம் கேட்டுத்தான் மண்ணை அளந்தான். 2000 பிப்ரவரி 11 அன்று எண்டெவர் விண்கலத்தில் ஏறிய ஆறு பேருக்கு அந்த அவசியமே இருக்கவில்லை. வானத்துக்கு மேலிருந்து பார்க்கப் பட்டாவா கேட்கிறார்கள்?

நான்கு அமெரிக்கர்கள், ஜப்பானின் மாமோரு மோரி, ஜெர்மனியின் கெர்ஹார்ட் தீலே. இரண்டு அணியாகப் பிரிந்து இரவும் பகலும் முறை வைத்து வேலை பார்த்தார்கள். ரேடாரால் பூமியை அளப்பதுதான் வேலை. ரேடாருக்கு இருட்டும் தடையில்லை, மேகமும் தடையில்லை. ஆனால் மேடு பள்ளம் தெரிய இரண்டு கண் வேண்டுமே! ஒரு ஆன்டெனா கலத்தின் சரக்கு அறையில். இன்னொன்று 60 மீட்டர் தள்ளி, ஒரு கம்பத்தின் நுனியில். ஏறத்தாழ 3 மீட்டர் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்த கம்பம் அது. விண்வெளிக்குப் போனதும் கட்டம் கட்டமாக, 87 கட்டமாக விரிந்து, இருபது மாடி நீளத்துக்கு நின்றது.

அங்கேதான் சிக்கல். கலம் திரும்பிவிடாமல் பிடித்துவைக்க, கம்பத்தின் நுனியில் நைட்ரஜன் பீச்சும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. அது மக்கர் செய்தது. கலத்தின் சொந்த எரிபொருளே கரைய ஆரம்பித்தது. அளக்கும் நேரம் குறைந்துவிடுமோ என்ற கவலை. மேலே இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களும் சிக்கனம் பிடித்துச் சமாளித்தார்கள். 222 மணி நேரத்துக்கு மேல் அளந்தார்கள். உலக நிலப்பரப்பில் 80 சதவீதம் பதிவானது, நம் தமிழ்நாடு உட்பட.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அமெரிக்க மண்ணுக்கு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மற்ற நாடுகளுக்கு வெளியிட்டதோ 90 மீட்டருக்கு ஒன்று. இந்தப் பயணத்தின் கூட்டாளி அமெரிக்க ராணுவத்துக்கு வரைபடம் போடும் நிறுவனம். காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. 90 மீட்டர் கட்டத்துக்குள் தெருவும் பக்கத்து ஓடையும் ஒரே உயரமாகிவிடும். வெள்ளம் வரும்போது அந்த வித்தியாசம்தானே உயிர்? அவர்கள் திறமைக்கு என் கைதட்டல் உண்டு. நம் மண்ணை அளந்து நமக்கே மங்கலாகத் தந்ததற்குக் கிடையாது.

2014 செப்டம்பரில்தான் 30 மீட்டர் விவரத்தை எல்லோருக்கும் திறப்பதாக அமெரிக்கர்கள் அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவில் தொடங்கினார்கள். இன்று காசில்லாமல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மாணவர்களே, நூலகக் கணினியிலேயே உங்கள் ஊரைத் திறந்து, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அதை அச்செடுத்து அடுத்த கிராம சபைக்குக் கொண்டுபோங்கள்.