சினென்சிஸ் என்னும் அடைமொழி



நமது தேயிலைச் செடிக்குத் தாவரவியலார் வைத்த இலத்தீன் பெயர் ‘கமெலியா சினென்சிஸ்’. இதில் கமெலியா பெயர்ச்சொல். சினென்சிஸ் அதற்கு அடையாக வந்த பெயரடை. சீனத்தைக் குறிக்கும் ‘சினா’ என்ற சொல்லோடு ‘என்சிஸ்’ என்னும் விகுதி சேர, ‘சீனத்துக்குரிய’ என்ற பொருள் பிறக்கிறது.

தமிழில் ‘நல்ல’ என்ற பெயரடை, நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரங்களை என எவ்விடத்தும் மாறாது நிற்கும். இலத்தீனிலோ அது, தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் இசைய வேண்டும். சினென்சிஸ் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது; இரண்டுமல்லாத மூன்றாம் பாலில் அது ‘சினென்சே’ ஆகும். இரண்டாம் வேற்றுமையில் தேயிலையைச் சொல்ல ‘சினென்செம்’. ஆறாம் வேற்றுமைப் பன்மையில் ‘சினென்சியும்’. அசாம் வகைத் தேயிலைக்குரிய அடை வேறு வாய்பாட்டினது: ஆண்பாலில் அஸ்ஸாமிகுஸ், பெண்பாலில் அஸ்ஸாமிகா, மூன்றாம் பாலில் அஸ்ஸாமிகும்.

1753இல் லின்னேயஸ் இச்செடியைத் ‘தேயா சினென்சிஸ்’ என்றார். 1887இல் குன்ட்சே அதைக் கமெலியா இனத்தில் சேர்த்தார். தேயாவும் கமெலியாவும் பெண்பாற் பெயர்களாதலால் அடையின் ஈறு மாறவில்லை.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஏட்டில் சீனத்துக்குரியதாக இருந்த செடியின் கொழுந்து, உலகச் சந்தையில் ‘சிலோன் டீ’ ஆயிற்று. வந்த இடத்தைச் சொல்லும் அடை அதன் உரிமையைக் குறைக்கவில்லை. கொழுந்து பறித்தவர்க்கோ ‘இந்திய’ என்ற அடை பெருஞ்சுமையாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பெயர் தோன்றும் வழிகளுள் இடத்தையும் ஒன்றாக நன்னூலார் வைத்தார். அந்த இடம் முன்னோர் புறப்பட்ட இடமா, தலைமுறைகளாய் வாழும் இடமா? இலத்தீனில் ஏதென்ஸ் நகரத்தவனும் அதே விகுதியால் ‘அதேனியென்சிஸ்’ எனப்பட்டான். ‘மலையகத் தமிழர்’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டபோது நம் மக்களும் அவ்வாறே வாழும் மண்ணைத் தம் பெயருக்கு அடையாக்கினர். பெயருக்கு இசைய அடை திரிய வேண்டுமென்பது இலத்தீன் விதி. வாழ்வுக்கு இசையவும் அது திரிய வேண்டும் என்பது இந்த மலைகள் கற்பிக்கும் இலக்கணம்.